பிறந்த ஊர் பார்த்துக் காயை வையுங்கள்

(வானொலிப் பேச்சு)



நெல்லுக்குக் குதிர் உண்டு. கேழ்வரகுக்கு அடுக்குப் பானை உண்டு. விதைக்குச் சுரைக்குடுவை, புளிக்குச் சட்டி, ஊறுகாய்க்கு ஜாடி என்று நம் வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. பச்சைக் காய்கறிக்கு என்ன இடம் இருந்தது என்று கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். யோசித்துவிட்டு, “காயை எதுக்குப்பா வைக்கணும்? வேணுங்கிறப்போ பறிச்சுக்கிறதுதானே” என்பார்கள்.

அதுதான் உண்மை. கொல்லையில் நாலு கத்திரிச் செடி, வேலியில் அவரையும் பாகலும், கூரை மேல் சுரையும் பூசணியும், கிணற்று ஓரத்தில் ஒரு முருங்கை. அடுப்பில் உலை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனால் குழம்புக்குக் காய் ஆச்சு. செடிதான் உக்கிராணம். பறிக்காத காய் கெடுவதில்லை.

பழைய கல்வெட்டுகளும் இதையே காட்டுகின்றன. சோழர் காலத்தில் கோயில் மடைப்பள்ளிக்கு விட்ட நிவந்தங்களைப் பாருங்கள். அரிசி, நெய், தயிர், பாக்கு என்று எழுதிக்கொண்டு வரும்போது ‘கறியமுது’ என்று காய்கறியையும் எழுதுவார்கள். அந்தக் கறியமுதுக்கு இத்தனை நாழி நெல் என்று கணக்கு இருக்கும். காயைச் சேர்த்து வைத்ததாகக் கணக்கு இல்லை. சேர்த்து வைத்தது நெல்லை. அன்றன்றைக்கு அந்த நெல்லை அளந்துகொடுத்துக் காய் வாங்கிக்கொண்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அவ்வளவு பெரிய கோயிலுக்கே பச்சைக் காயைப் பாதுகாக்கிற கவலை வரவில்லை என்றால், குடியானவன் வீட்டுக்கு ஏன் வரும்?

இன்றைக்கு வந்திருக்கிறது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் படப்பை, சேரப்பணஞ்சேரி, ஒரகடம் என்று வரிசையாக இருக்கிற ஊர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிப் பாசனத்தில் நெல்லும், கிணற்று மேட்டில் கத்திரியும் வெண்டையும் பயிர் வைத்த பக்கம் இது. இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் ஹூண்டாய் கார் கம்பெனிக்கு அடிக்கல் நாட்டி, 1998இல் கார் வெளியே வந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட் நிசான் வந்தது. அதை ஒட்டி ஒன்றன் பின் ஒன்றாகப் பல வந்தன. நிலம் போன வீடு உண்டு, நிலம் இருந்தும் ஆள் இல்லாத வீடு உண்டு. மகன் ஒரு ஷிப்டு, மருமகள் ஒரு ஷிப்டு. கொல்லை இருந்த இடத்தில் வாடகைக்கு அறை கட்டியாகிவிட்டது. ஆகவே வாரத்தில் ஒரு நாள், லீவு நாளில், பை நிறையக் காய் வாங்கி வந்து ஏழு நாள் ஓட்டுகிறார்கள். காயை விளைத்த வீடு காயை வாங்குகிற வீடாக ஆகிவிட்டது. வாங்கின காயில் பாதி வியாழக்கிழமைக்குள் குப்பைக்குப் போனால் அந்த வீட்டு வரவு செலவு எப்படிக் கட்டுப்படியாகும்?

“அதுக்குத்தான் பிரிட்ஜ் இருக்கே” என்பீர்கள். இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், கொல்லையில் காய் இல்லாத மாதங்களில் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

எல்லாக் காயையும் அவர்கள் ஒரே மாதிரி வைக்கவில்லை. கல்யாணப் பூசணியைக் காம்போடு அறுத்து உறியில் தொங்கவிட்டார்கள், அல்லது பரணில் வைக்கோல் பரப்பி ஒன்றோடொன்று இடிக்காமல் வைத்தார்கள். அதன் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறதே, அது ஒரு மெழுகுப் பூச்சு. உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே விடாது. காம்பு ஒடிந்தால் அந்த ஓட்டை வழியாக அழுகல் நுழையும். ஆகையால்தான் நாலு விரற்கடைக் காம்பு விட்டு அறுக்கச் சொன்னார்கள். நல்ல முற்றின பூசணி மாதக்கணக்கில் இருக்கும். சேனையையும் கருணையையும் இருட்டு மூலையில், ஈரம் படாமல், மண் ஒட்டினபடியே போட்டு வைத்தார்கள். இஞ்சியை மணலில் புதைத்தார்கள். தேங்காயைக் குடுமி மேலே பார்க்கும்படி நிறுத்தினார்கள். கீரையை வேரோடு பிடுங்கி, வேர் மட்டும் தண்ணீரில் நனைகிற மாதிரி வைத்தார்கள். சின்ன வெங்காயத்தைத் தாளோடு கட்டிக் காற்றாடத் தொங்கவிட்டார்கள். பெரிய அளவில் விளைகிற திண்டுக்கல், பெரம்பலூர், திருப்பூர்ப் பக்கங்களில் இதற்கென்றே பட்டறை போடுவார்கள். தரையிலிருந்து உயர்த்தி, கீழே கல்லும் மூங்கிலும் கொடுத்து, நாலு பக்கமும் ஓலைத் தட்டி கட்டி, மேலே கூரை போட்டால் காற்று அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் புகுந்து வரும். அதில் சின்ன வெங்காயம் மாதக்கணக்கில் நிற்கும்.

இவற்றில் எதிலும் சேராத காய், அதாவது கத்திரி, கொத்தவரை, வெண்டை, பாகல், சுண்டை இதெல்லாம் மிஞ்சினால் வற்றல்தான். மாசி, பங்குனி வெயிலில் உப்பு போட்டு ஒரு கொதி விட்டு எடுத்து உலர்த்திவிடுவார்கள். நம் வட ஜில்லாக்களில் சின்ன வெங்காயத்தை இடித்து, பூண்டும் கடுகும் உளுந்தும் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைக்கிற வடகம் இருக்கிறதே, அதுவும் வெங்காயத்தைச் சேமிக்கிற ஒரு வழிதான். வாசனைக்காக என்று நாம் நினைக்கிறோம். வாசனை அப்புறம் வந்த லாபம்.

இவ்வளவுதான் நாட்டுக் காயின் கதை. இதற்கு நடுவில் கப்பல் காய்கள் வந்து சேர்ந்தன. 1498இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் ஒவ்வொன்றாக இங்கே இறங்கின. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மஞ்சள் பூசணி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். மஞ்சள் பூசணிக்கு நாம் வைத்த பெயரே பரங்கிக்காய். பரங்கியர் கொண்டுவந்த காய். மிளகாய் இல்லாமல் ஒரு குழம்பு வைத்துப் பாருங்கள் என்றால் இன்று யாராலும் முடியாது. ஆனால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே மிளகாய்ச் செடியே இல்லை.

அடுத்த கூட்டம் மலை வழியாக வந்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகமண்டலத்தில் வீடு கட்டிக் குடியேறி, தம் தேசத்துக் காய்கறிகளை அங்கே பயிரிட்டுப் பார்த்தார். நீலகிரியின் குளிர் அவற்றுக்கு ஒத்துக்கொண்டது. முட்டைக்கோசு, காரட், பீட்ரூட், டர்னிப் எல்லாம் மலையில் விளைந்தன. வடக்கே சகாரன்பூர் தோட்டத்தில் 1822 வாக்கில் காலிபிளவர் விதை வந்து இறங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், ஊட்டிக்கு 1908இலும் மலை ரயில் போனது. மலைக்காய் கீழே இறங்குவதற்கு வழி பிறந்தது. சென்னை மார்க்கெட்டில் அதற்கு ‘இங்கிலீஷ் காய்’ என்றே பெயர். கொத்தவால் சாவடியிலும் அந்தப் பெயர்தான்; 1996இல் காய்கறி மண்டி கோயம்பேட்டுக்கு மாறின பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. நாட்டுக் காய், இங்கிலீஷ் காய் என்று இரண்டாகப் பிரித்துத்தான் இன்றும் பேசுகிறார்கள்.

வியாபாரி விலைக்காகப் பிரித்தார். நாம் வேறொரு காரணத்துக்காக அதே பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வெயில் சீமையில் பிறந்த காய் வேறு, குளிர் சீமையில் பிறந்த காய் வேறு. அவற்றை வைக்கிற இடமும் வேறு. இது தெரியாமல்தான் பிரிட்ஜுக்குள் நஷ்டப்படுகிறோம்.

பிரிட்ஜ் என்ற குளிர்ப்பெட்டியின் கதையும் ரசமானது. நம் நாட்டுக்குக் குளிர் முதலில் மெஷினாக வரவில்லை, கட்டியாக வந்தது. அமெரிக்காவில் போஸ்டன் பக்கத்து ஏரிகள் மார்கழி, தை மாதங்களில் கல்லாக உறையும். பிரடரிக் டியூடர் என்ற வியாபாரி அந்தப் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி உலகமெல்லாம் விற்றார். 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் சுமார் 180 டன் ஐஸோடு புறப்பட்டு, நாலு மாதம் கடலில் வந்து, செப்டம்பரில் கல்கத்தாவில் கரை சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிச்சம் இருந்தது. பூமத்திய ரேகையைத் தாண்டி வந்தும் அவ்வளவு மிச்சம்! மரத்தூள் செய்த வேலை அது. 1842இல் சென்னையில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் அந்த ஐஸை வைக்கக் கட்டின கட்டடம்தான் ஐஸ் அவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் பஸ்காரர் “ஐஸ் அவுஸ் எறங்கு” என்றுதான் கத்துவார். ஐஸோடு கூட ஆப்பிள் பழங்களையும் அதே கப்பலில் கொண்டுவந்து விற்றார்கள். பழம் வாடாமல் வந்தது. 1874இல் சென்னையிலேயே ஐஸ் செய்கிற கம்பெனி ஏற்பட்டதும் கப்பல் ஐஸுக்கு மவுசு போயிற்று.

வீட்டுக்குள் வைக்கிற மின்சாரப் பெட்டி அமெரிக்காவில் 1920களில் பரவலாயிற்று. இந்தியாவிலேயே பிரிட்ஜ் செய்யும் வேலையை கோத்ரெஜ் கம்பெனி 1958இல் ஆரம்பித்தது. ரொம்ப காலம் அது பணக்காரர் வீட்டுச் சாமானாகத்தான் இருந்தது. இப்போது 2007இல் திறந்த சாம்சங் தொழிற்சாலையில், நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே பிரிட்ஜ் செய்கிறார்கள். வயல் இருந்த சீமையில் பிரிட்ஜ் விளைகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நம் பிள்ளைகளே பூட்டி அனுப்புகிற பெட்டி அது. அதன் குணம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அந்தப் பெட்டிக்குள் சாதாரணமாக 4 டிகிரி செல்சியஸ் குளிர் இருக்கும். பாலுக்கும் மீனுக்கும் கறிக்கும் அது சரி. ஆறின குழம்புக்கும் சரி. அவற்றில் உயிர் இல்லை. கிருமி வளராமல் தடுத்தால் போதும். பச்சைக் காய் அப்படி இல்லை. செடியிலிருந்து பறித்த பிறகும் அதற்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையையும் தண்ணீரையும் செலவு பண்ணிக்கொண்டே இருக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1920களில் ஆப்பிள் பழத்தை வைத்து இந்த மூச்சை ஆராய்ந்தார்கள். சூடு ஏற ஏற மூச்சு வேகமாகும். ஏறக்குறைய 10 டிகிரி ஏறினால் மூச்சு இரண்டு, மூன்று பங்கு ஆகும். சித்திரை வெயிலில் திண்ணையில் கிடக்கிற காய் ஏன் ஒரே நாளில் சொங்கிப்போகிறது என்று இப்போது புரிகிறதல்லவா? ஓடி வந்த மனுஷன் மாதிரி அது மேல்மூச்சு வாங்குகிறது.

அப்படியானால் குளிர வைத்தால் மூச்சு அடங்கும், காய் நிற்கும். சரிதான். ஆனால் எவ்வளவு குளிர்? இங்கேதான் பிறந்த ஊர்க் கணக்கு வருகிறது.

முட்டைக்கோசு ஐரோப்பாவின் கடலோரத்துச் செடி. காரட் ஆப்கானிஸ்தான் பக்கத்தது. பனி பெய்கிற சீமையில் பழகினவை. தண்ணீர் உறைகிற அளவுக்குப் பக்கத்தில் குளிர்ந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பீட்ரூட், முள்ளங்கி, காலிபிளவர், பச்சைப் பட்டாணி எல்லாம் அந்த ஜாதிதான். இவை தாராளமாகப் பிரிட்ஜில் இருக்கட்டும். காரட், பீட்ரூட், முள்ளங்கியின் தழையை மட்டும் வாங்கி வந்த அன்றே கிள்ளிவிடுங்கள். தழை இருந்தால் கிழங்கின் தண்ணீரை அது உறிஞ்சிக்கொண்டு, கிழங்கு ரப்பர் மாதிரி வளையும்.

கத்திரிக்காய் நம் தேசத்துக் காய். வெள்ளரியும் நம்முடையது. வெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதுவும் வெயில் பூமி. குளிரே தெரியாத ஜாதி. கத்திரியும் வெள்ளரியும் பாகலும் 10 முதல் 12 டிகிரிக்குக் கீழே போனால் தாங்கமாட்டா. வெண்டைக்கு 7 டிகிரிக்குக் கீழே ஆகாது. ஒரு நாள், இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். அப்புறம் கத்திரிக்காயின் தோலில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். நறுக்கினால் விதைப் பக்கம் கறுத்திருக்கும். வெள்ளரி நீர் கோத்துக் கொழகொழக்கும். வெண்டையில் கரும்புள்ளி விழும். வெளியே எடுத்துச் சமையற்கட்டில் வைத்த மறுநாள் இன்னும் மோசமாகும். “காய்க்காரன் ஏமாத்திட்டான்” என்று திட்டுகிறோம். அவர் ஏமாற்றவில்லை. காய்க்குக் குளிர் கண்டிருக்கிறது. பச்சை வாழைக்காய் கறுப்பதும், சர்க்கரைவள்ளி உள்ளே கெட்டியாகி வேகாமல் போவதும் அதே சங்கதிதான். தக்காளி பச்சையாக இருக்கும்போது பிரிட்ஜில் வைத்தால் பிறகு ஒழுங்காகப் பழுக்காது, ருசியும் செத்துப்போகும். வெளியே கூடையில் காம்பு கீழே இருக்கும்படி ஒற்றை வரிசையாக வைத்து, நன்றாகப் பழுத்ததை மட்டும் உள்ளே வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

உருளைக்கிழங்கு மட்டும் இந்தக் கணக்கில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அது பிறந்தது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், குளிர் பூமியில். அங்கே மலை ஜனங்கள் அதை ராத்திரிப் பனியில் உறையவிட்டுப் பகல் வெயிலில் மிதித்துக் காயவைத்து வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். நம் வற்றலுக்கு அண்ணன் முறை. ஆனாலும் பச்சைக் கிழங்கைப் பிரிட்ஜில் வைத்தால் அதன் மாவு சர்க்கரையாக மாறித் தித்திக்கும், வறுத்தால் கருகும். ஆகையால் அதை இருட்டான, காற்றாடுகிற மூலையில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். அந்தப் பச்சையோடு விஷமும் ஊறுகிறது. பச்சை நிறம் கொஞ்சமாக இருந்தால் ஆழமாகச் சீவி எறியுங்கள். நிறையப் பச்சையாகிவிட்டதும், கசப்பதும் சாப்பாட்டுக்கு வேண்டாம். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் கொட்டுகிற வழக்கம் எங்கும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். உருளை விடுகிற ஈரத்தில் வெங்காயம் முளைக்கும்.

கீரைக்கு இந்த ஊர்க் கணக்கு வேண்டாம். முளைக்கீரையோ, பாலக்கோ, கொத்தமல்லியோ, எதுவானாலும் இலைக்குக் குளிரும் ஈரமும்தான் தேவை. கழுவாமல், மண்ணை மட்டும் உதறி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றிப் பிரிட்ஜில் வையுங்கள். கழுவி வைத்தால் இலை இடுக்கில் தண்ணீர் தங்கி அழுகும். கழுவுவது ஆய்கிறபோது.

இன்னொரு சத்துரு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிற வித்தை உங்களுக்குத் தெரியாததல்ல. குழியோ, அறையோ, காற்றுப் புகாமல் அடைத்துப் புகை காட்டினால் தார் ஒரே சீராகப் பழுக்கிறது. புகையில் உள்ள எத்திலீன் என்ற வாயுதான் பழுக்க வைக்கிறது. 1901இல் ரஷ்யாவில் நெல்ஜுபோவ் என்பவர், விளக்கு வாயுவில் செடிகள் கோணலாக வளர்வதற்கு எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். 1934இல் இங்கிலாந்தில் கேன் என்பவர் பழுக்கிற ஆப்பிளே அந்த வாயுவை விடுகிறது என்று நிரூபித்தார். பழுத்த வாழை, மாம்பழம், பப்பாளி, தக்காளி எல்லாம் விடுகின்றன. அதன் பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகும், வெள்ளரி மஞ்சளாகும், கோசு இலை உதிர்க்கும், காரட் கசக்கும். ஒரே கூடையில் வாழைப்பழத்தையும் கீரைக்கட்டையும் சேர்த்து வைத்தால் பழம் கீரையை மூட்டம் போட்டுவிடும். ஆகவே பழக்கூடை தனி, காய்க்கூடை தனி.

சரி, கத்திரியும் வெண்டையும் வெளியே வாடுகிறது, உள்ளே குளிர் தாங்கவில்லை, எங்கேதான் வைப்பது? வெளி வெயிலுக்கும் பெட்டிக் குளிருக்கும் நடுவே ஓர் இடம் வேண்டும். ஈரமும் வேண்டும். அந்த இடத்தை டில்லி பூசா ஆராய்ச்சி நிலையத்தில் 1980களின் ஆரம்பத்தில் எஸ்.கே. ராய், டி.எஸ். குர்தியா என்ற விஞ்ஞானிகள் செங்கல்லாலும் மணலாலும் கட்டிக் காட்டினார்கள். கரண்டு வேண்டாம். நிழலில், தண்ணீர் பக்கத்தில், ஐந்தரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலத்துக்குச் செங்கல் தளம். அதன் மேல் இரண்டு சுவர், ஒன்றுக்குள் ஒன்றாக, இரண்டே கால் அடி உயரம். சுவர்களுக்கு நடுவே மூன்று அங்குல இடைவெளி. அந்த இடைவெளியில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் நனைக்க வேண்டியது. மேலே மூங்கில் சட்டத்தில் வைக்கோல் அல்லது கோரை வைத்த மூடி. அதற்கும் தண்ணீர் தெளிக்க வேண்டியது. சுமார் 400 செங்கல் போதும். ஓட்டைப் போட்ட பிளாஸ்டிக் கூடைகளில் 100 கிலோ வரை காய் வைக்கலாம். வெளியே கொளுத்துகிறபோது உள்ளே 10 முதல் 15 டிகிரி வரை குறையும் என்று டில்லியில் கண்டார்கள். வீட்டுக்கு வேண்டிய காய்க்கு இதில் கால் பங்கு கட்டினாலும் போதும். விற்கப் பறித்த காயை ராத்திரி வைத்துக் காலையில் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு முழு அளவு உதவும்.

இதன் தத்துவம் மண்பானைத் தண்ணீரின் தத்துவம்தான். தண்ணீர் ஆவியாகப் போகிறபோது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர், குயவர் குடும்பத்தவர், 1990களில் இதையே சின்னதாகப் பண்ணினார். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவே ஈர மணல், மேலே ஈரத் துணி. அவ்வளவுதான். மூன்று நாளில் வாடுகிற கத்திரிக்காய் அதில் 27 நாள் வரை தாங்கியதாகச் சொன்னார்கள். 2000ஆம் ஆண்டில் அவருக்குப் பெரிய பரிசு கிடைத்தது.

இதைக் கேட்டுவிட்டு இருபத்தேழு நாளை இங்கே எதிர்பார்க்காதீர்கள். நைஜீரியாவின் வடபகுதி பாலைவனத்தை ஒட்டிய வறண்ட காற்று. டில்லியின் மே மாதமும் வறண்டதுதான். நமக்குக் கடல் பக்கம். காற்றிலேயே ஈரம் இருக்கிறது. ஈரக் காற்றில் தண்ணீர் ஆவியாகாது; ஆவியாகாவிட்டால் குளிராது. இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். கொடியில் ஈர வேட்டியைப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி, ஒன்றரை மணியில் மொடமொடவென்று காய்ந்தால் அன்றைக்கு மணல் தொட்டி நன்றாக வேலை செய்யும். சாயந்தரம் வரை சொதசொதவென்று இருந்தால் தொட்டியும் சும்மாதான் இருக்கும். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் நம் பக்கம் ஓரளவு பிரயோசனம் உண்டு. டில்லி அளவுக்குக் குறையாது; ஆனாலும் காய் வாடுவது கணிசமாக மட்டுப்படும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியை நனைக்கவே வேண்டாம், பூஞ்சணம்தான் பிடிக்கும். அந்த மாதங்களில் காயைப் பரத்தி, காற்றாட வைப்பதே நல்லது. வடக்கே எழுதின புத்தகத்தை அப்படியே இங்கே கடைப்பிடித்துவிட்டு, “விஞ்ஞானம் பொய்” என்று சொல்கிறவர்கள் உண்டு. விஞ்ஞானம் பொய்யல்ல, காற்றுதான் வேறு.

தொட்டி கட்ட இடம் இல்லாத வீடும், வாடகை அறையும் இருக்கின்றன. அங்கே ஒரு மூங்கில் கூடை போதும். கத்திரி, வெண்டை, அவரை, கொத்தவரையை அடிபடாததாகப் பொறுக்கி அதில் போட்டு, நனைத்துப் பிழிந்த துணியை மேலே மூடி, அடுப்புக்குத் தூரமாக, தரையோடு ஜில்லென்று இருக்கிற மூலையில் வையுங்கள். துணி காயக் காய நனையுங்கள்; சொட்டச் சொட்ட வேண்டாம். பிரிட்ஜில்தான் வைத்தாக வேண்டும் என்றால் அடியில் இருக்கிற காய்கறி டிராயரில், துணிப்பையில் போட்டு வையுங்கள். அங்கே குளிர் கொஞ்சம் குறைவு, ஈரம் கொஞ்சம் அதிகம். இறுக்கிக் கட்டின பிளாஸ்டிக் பையில் காய் விட்ட மூச்சே வேர்வையாகி அதன் மேலேயே சொட்டும். பிளாஸ்டிக் பைதான் இருக்கிறது என்றால் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி, ஈரம் துடைத்து வைத்தால் வாரத்துக்கு மேல் நிற்கும். கூடையில் அழுகினது ஒன்று கண்ணில் பட்டால் அன்றே எடுத்து எறியுங்கள்.

வாரத்துக்கு ஒரு தரம் வாங்குகிறவர்கள் சமைக்கிற வரிசையையும் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாங்கினால் அன்றும் மறுநாளும் கீரை, வெண்டை. செவ்வாய், புதன் கத்திரி, அவரை, பாகல். வியாழனுக்குக் கோசு, பீன்ஸ். வெள்ளிக்குக் காரட், பீட்ரூட். சனிக்கிழமைக்குப் பரங்கி, சேனை, உருளை. நடைமுறையில் நேர்மாறாக நடக்கிறது. திங்கட்கிழமை அவசரத்தில் உருளையை வறுத்துக் கொடுத்தனுப்பிவிட்டு, கீரையை ஆய நேரமில்லை என்று வியாழன் வரை தள்ளினால் கீரை காத்திருக்குமா?

வீட்டு வாசலில் இரண்டு சிமெண்டுத் தொட்டியோ, பழைய சாக்கோ வைத்து மண் போட்டுக் கீரையும் கத்திரியும் வளர்க்க இடம் இருந்தால், அவற்றை வாங்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். ஆடிப்பட்டத்துக்கு நாற்றுவிட்டால் புரட்டாசியில் காய் பறிக்கலாம். முளைக்கீரை இருபத்தைந்து நாளில் வந்துவிடும்.